வைகை அணையில் வார இறுதிப் பாய்மரப் படகு: எந்த மாதம், எந்தக் காற்று, எப்போது கரை திரும்புவது

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். சென்னையில் இருந்தபோது பாய்மரப் படகு ஓட்ட அடிப்படைப் பயிற்சி முடித்திருக்கிறீர்கள். இப்போது வேலை மதுரையில். நண்பர்கள் சேர்ந்து இரண்டு பேர் ஓட்டுகிற பழைய எண்டர்பிரைஸ் படகு ஒன்றும், ஒருவர் ஓட்டுகிற லேசர் படகு ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறீர்கள். வைகை அணை நீர்த்தேக்கத்தில் சனி, ஞாயிறுகளில் ஓட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறீர்கள். அனுமதி கிடைத்தால் எந்த மாதங்களில் ஓட்டலாம், வானிலை சட்டென்று மாறுவதை முன்னாலேயே எப்படிக் கண்டுபிடிப்பது, பத்து வயது மகளைக் கூட்டிப் போகலாமா, இவைதான் உங்கள் கேள்விகள்.

நான் ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரன். கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் இருந்தபோது எண்டர்பிரைஸில் கற்றுக்கொண்டேன். பிறகு வேலைக்காக ஹைதராபாத்தில் இருந்த வருடங்களில் உசேன் சாகர் ஏரியில் வார இறுதிகளில் லேசர் ஓட்டினேன். வைகைத் தண்ணீரைச் சின்ன வயதிலிருந்து கரையிலிருந்தும் மீனவர்களின் பரிசலிலிருந்தும் பார்த்து வளர்ந்தவன். அந்தத் தெரிதலை வைத்துத்தான் சொல்கிறேன்.

அனுமதி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அது நீர்வளத் துறையின் அணை. எழுத்தில் அனுமதி கையில் வரும்வரை படகைத் தண்ணீரில் இறக்க வேண்டாம், தெரிந்தவர் யாராவது சொன்னார் என்பதற்காகவும் வேண்டாம். மதுரை குடிக்கிற தண்ணீர் அது. பாய்மரப் படகில் எண்ணெயும் புகையும் இல்லை என்பதை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதியிருந்தால் நல்லது. அணைச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி ஓட்ட வேண்டும் என்று அவர்கள் எல்லை போட்டுக் கொடுத்தால் அதைவிட இன்னும் கொஞ்சம் தள்ளியே இருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கடலோரத்தில் பழகியவர்கள் ஏரியைச் சுலபமாக நினைக்கிறார்கள். அலை சின்னது, நாலு பக்கமும் கரை தெரிகிறது, என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றும். சென்னையில் பிற்பகல் கடல்காற்று எழுந்துவிட்டால் சாயங்காலம்வரை ஏறக்குறைய ஒரே பக்கமிருந்து அடிக்கும், நீங்கள் அதில்தான் பழகியிருப்பீர்கள். வைகையில் அப்படி இல்லை. தெற்கே வருசநாட்டு மலை, மேற்கே மேகமலை, வடக்கே கொடைக்கானல் மலை, நடுவில் தண்ணீர். எந்தப் பக்கமிருந்து காற்று வந்தாலும் ஒரு மலையைத் தாண்டியோ சுற்றியோதான் வரவேண்டும். வரும்போது அது ஒரே சீராக இருக்காது. அஞ்சு நிமிடம் ஒன்றுமே இருக்காது, பாய் தொங்கும். அடுத்த நிமிடம் ஒரு வீச்சு வந்து படகைச் சாய்க்கும், அதுவும் முன்பு வந்த திசையிலிருந்து இருபது முப்பது டிகிரி தள்ளி. நீச்சலும் பயிற்சியும் உள்ளவர்கள் ஏரியில் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான். ஏரியில் வானிலையைப் படகில் உட்கார்ந்து சமாளிக்கலாம் என்று நினைக்கக் கூடாது. கரையில் நிற்கும்போதே முக்கால்வாசி முடிவு செய்துவிட வேண்டும்.

மாதங்களுக்கு வருவோம். வருடத்தை ஆனி, ஆடி, ஆவணியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தப் பக்கத்தின் நிஜமான காற்றுக்காலம் அதுதான். தென்மேற்குப் பருவம் கேரளாவில் மழையைக் கொட்டிவிட்டு மலையேறி வரும்போது நமக்கு மழை அவ்வளவாகக் கிடைக்காது, காற்று மட்டும் வரும். கம்பம் பள்ளத்தாக்கு வழியாகவும் மலை இடைவெளிகள் வழியாகவும் நுழைகிற மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று, குழாய் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுவது போல வேகமெடுத்து வரும். ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் வரிசையாகக் காற்றாலைகள் நிற்பது இதை நம்பித்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் ஆட்கள் சொன்னது வெறும் பேச்சில்லை.

காலையில் எட்டு மணிக்குப் போனால் ஓட்டலாம் போலத்தான் இருக்கும். வெயில் ஏற ஏறக் காற்று ஏறும். பதினோரு மணிக்கு மேல் தண்ணீர் முழுக்க வெள்ளை நுரை. எண்டர்பிரைஸ் இரண்டு பேர் ஓட்டுகிற பதின்மூன்றடிப் படகு, பத்துப் பன்னிரண்டு நாட் காற்றில் அருமையாகப் போகும். உங்கள் அனுபவத்துக்கு அதுவே எல்லை. ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர், அதாவது மணிக்கு இருபது கிலோமீட்டர் காற்றுவரை உங்களுக்கு நல்ல நாள். பத்து நாட் காற்று இருபது ஆனால் பாயின் மேல் விழும் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும். வேகத்தின் வர்க்கப்படி ஏறுகிற கணக்கு அது. "கொஞ்சம்தானே கூடியிருக்கு" என்று சொல்லிக்கொண்டு கிளம்புகிறவர்கள் கவிழ்வது இதனால்தான். ஆடியில் ஓட்ட வேண்டுமென்றால் விடிந்ததும் இறங்கி ஒன்பதரைக்குள் கரையேறிவிடுங்கள். முதல் வருடம் ஆடியை அப்படியே விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை. உசேன் சாகரில் தேசிய அளவுப் போட்டிகளை ஜூலை, ஆகஸ்டில் நடத்துவது இதே பருவக்காற்றுக்காகத்தான். ஆனால் அங்கே போட்டி நாளில் மீட்புப் படகுகள் சுற்றிச் சுற்றி வரும். உங்களிடம் அது இல்லை.

இப்போது அணைச் சுவர் விஷயம். மேல்காற்றுக் காலத்தில் நீங்கள் மறக்கவே கூடாத ஒன்று இது. தண்ணீர் தேனிப் பக்கமாக மேற்கே விரிந்து கிடக்கிறது, அணை கிழக்கு முனையில். காற்று மேற்கிலிருந்து. அப்படியென்றால் பாய் கிழிந்தாலும், சுக்கான் உடைந்தாலும், படகு கவிழ்ந்தாலும் காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்கிற இடம் அணைச் சுவர்தான். அங்கே ஏற மணல்கரை கிடையாது. அலை கற்சுவரில் மோதித் திரும்பி வந்து, எதிர்வரும் அலையோடு கலந்து, தண்ணீர் எந்த ஒழுங்கும் இல்லாமல் குதித்துக்கொண்டிருக்கும். மதகு திறந்திருந்தால் இழுப்பும் உண்டு. அதனால் அணைக்குப் பக்கத்திலிருந்து இறங்கவே வேண்டாம். பக்கவாட்டுக் கரையில், மண் சரிவாக இருக்கும் இடமாகப் பார்த்து அனுமதி கேளுங்கள். இறங்கியதும் முதல் ஒரு மணி நேரம் காற்று வருகிற பக்கமாகவே, மேற்கே ஏறிப் போங்கள். களைப்பு வரும்போது திரும்பும் பாதை காற்றோடு இருக்கும்.

அதிலும் ஒரு ஏமாற்று உண்டு. காற்றோடு போகும்போது எல்லாம் அமைதியாகிவிட்டது போல இருக்கும். பதினைந்து நாட் காற்றில் அஞ்சு நாட் வேகத்தில் நீங்களும் அதே பக்கம் போகிறீர்கள், அப்போது முகத்தில் தெரிவது பத்துதான். "காற்று குறைஞ்சிருச்சு, இன்னும் ஒரு சுற்று போகலாம்" என்று தோன்றும். படகைத் திருப்பி எதிரே பார்த்த நொடியில் அது பத்தொன்பதாக முகத்தில் அறையும். காற்றோடு போகும்போது முகத்தை நம்பாதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரிந்தால் பத்து நாட்டைத் தொட்டுவிட்டது. பார்க்கிற இடமெல்லாம் நுரை என்றால் உங்கள் எல்லையைத் தாண்டிவிட்டது, திரும்புங்கள். பலத்த காற்றில் பின்பக்கத்தைக் காற்றுக்குக் கொடுத்துத் திருப்பினால் பாயின் அடிக்கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மண்டை உடைகிற வேகத்தில் பாயும். அந்த மாதிரி நேரத்தில் கொஞ்சம் இடம் அதிகம் ஆனாலும் முன்மூக்கைக் காற்றுக்குள் கொண்டுபோய் முழுச்சுற்றாகத் திருப்பிக்கொள்ளுங்கள்.

வீச்சு வருவது கண்ணுக்குத் தெரியும், அதைப் பார்க்கப் பழக வேண்டும். காற்று வரும் பக்கம் தண்ணீர் மேல் ஒரு கறுப்புத் திட்டு நகர்ந்து வரும். சின்னச் சின்னச் சுருக்கங்கள் சேர்ந்து வானத்தின் வெளிச்சத்தை உடைப்பதால் அந்த இடம் கறுத்துத் தெரிகிறது. அது உங்கள் படகைத் தொடுவதற்குள் சில நொடிகள் கிடைக்கும். அந்த நொடிகளில் உடம்பை வெளியே சாய்த்து உட்காருங்கள், பாய்க்கயிறு கையில் இருக்கட்டும். வீச்சு தொட்டதும் கயிற்றைக் கொஞ்சம் விட்டு, மூக்கைக் காற்றின் பக்கம் லேசாகத் திருப்பினால் படகு நிமிர்ந்து வேகமெடுக்கும். கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கையை வீசிக்கொண்டு உட்காருகிற பழக்கம் கடலில் நடந்திருக்கலாம், மலையடி ஏரியில் அது கவிழ்வதற்கான வழி. பரிசல் மீனவர்களுக்கு இந்தக் கறுப்புத் திட்டு நன்றாகத் தெரியும். பேசிக்கொண்டே இருப்பார்கள், ஒரு கண் எப்போதும் மேற்கேதான் இருக்கும்.

ஆடியைவிட எனக்குப் பயம் தருவது சித்திரை, வைகாசி. ஆடிக் காற்று பலமானதுதான், ஆனால் சொல்லிவிட்டு வருகிறது. காலையிலிருந்து ஏறுவது தெரியும். கத்திரி வெயில் காலத்து இடிமழை அப்படிச் சொல்லாது. காலையில் தண்ணீர் அசையாமல் கிடக்கும், பாய் விரித்தும் பிரயோசனம் இருக்காது. ஒரு மணிவாக்கில் மலை மேல் வெள்ளையாக ஒரு மேகம் தலை தூக்கும். பஞ்சு மாதிரி உருண்டையாக இருக்கும்வரை பரவாயில்லை. அது நிமிர்ந்து கோபுரமாக வளர ஆரம்பித்தாலோ, உச்சி தட்டையாகப் பரவி அடி கறுத்தாலோ, கரை எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் ஆட்டம் முடிந்தது. மழை உங்கள் மேல் விழுவதற்கு நெடுநேரம் முன்பே காற்று வந்துவிடும் என்பதுதான் இதில் முக்கியம். மேகத்துக்குள் குளிர்ந்த காற்று மொத்தமாகக் கீழே விழுந்து, தரையில் பட்டு, நாலு பக்கமும் பரவுகிறது. அது மேகத்தைவிட்டுப் பல கிலோமீட்டர் முன்னால் ஓடி வரும். ஒரு காற்றும் இல்லாத தண்ணீரில் சில நிமிடங்களில் முப்பது நாட்டைத் தாண்டும். அதுவரை அடித்துக்கொண்டிருந்த திசைக்கு நேர் எதிரிலிருந்து வரவும் வாய்ப்பு உண்டு.

அது வரும் அறிகுறிகள் வரிசையாக வரும். முதலில் இருந்த இளங்காற்றும் நின்றுபோகும், புழுக்கம் கூடும். அப்புறம் எங்கிருந்தோ மண்வாசனை. தூரத்துக் கரையில் தென்னை ஓலைகள் திடீரென்று ஒரே பக்கம் சாயும், செம்மண் புழுதி சுவர் போல எழும்பும். கடைசியாக முகத்தில் சில்லென்று ஒரு தொடுதல். அந்தச் சில்லிப்பை உணர்ந்த பிறகு கரைக்கு ஓட நேரமில்லை. எண்டர்பிரைஸில் இருந்தால் உடனே பாயைக் கீழே இறக்குங்கள். சுருக்கலாமா, பாதி வைக்கலாமா என்று யோசிக்காதீர்கள், முழுவதும் இறக்கிப் படகுக்குள் சுருட்டிக் கட்டுங்கள். படகின் நடுவே அடியில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற நடுப்பலகையைக் கொஞ்சம் மட்டும் மேலே தூக்குங்கள். படகின் அடியில் உட்கார்ந்து காற்றோடு நகர விடுங்கள், துடுப்பு இருந்தால் சுவர்ப் பக்கம் போகாமல் ஒதுக்குங்கள். மண்வாசனை வந்ததுமே இறக்கிவிட்டால் இதெல்லாம் நிதானமாக நடக்கும்.

இடி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திறந்த தண்ணீரில் உங்கள் அலுமினியப் பாய்மரம்தான் சுற்றிலும் உயரமான பொருள். மின்னலைப் பார்த்து இடி கேட்கும்வரை எண்ணினால் மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, மின்னல் உங்களை எட்டுகிற தூரம். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை மறுபடி தண்ணீரில் இறங்கக் கூடாது. இடி ஓய்ந்து வானம் தெளிந்த மாதிரி ஆனதும் மீதி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று இறங்குவது ரொம்பப் பேர் செய்கிற தவறு. போனில் 'தாமினி' செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது, இருபது, நாற்பது கிலோமீட்டர் வட்டத்துக்குள் விழும் மின்னலைக் காட்டும். வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக அடுத்த மூன்று மணி நேரத்துக்கு வெளியிடும் எச்சரிக்கையில் தேனி, மதுரை, திண்டுக்கல் மூன்றையும் பாருங்கள். தேனிக்கு மட்டும் பார்த்தால் கொடைக்கானல் மலையில் கட்டுகிற மேகம் தப்பிவிடும். ஆனால் செயலியைக் கரையில் இருக்கும் ஒருவர் பார்க்கட்டும். படகில் இருப்பவர் போனை வெளியே எடுத்துப் பார்க்கிற நிலையில் இருக்க மாட்டார். கரையில் ஒருவர், கையில் விசில், அவர் அழைத்தால் மறுபேச்சில்லாமல் திரும்புவது என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை, வைகாசியில் ஓட்டினால் காலை ஆறரைக்கு இறங்கி பதினொன்றுக்குள் ஏறிவிடுங்கள். பிற்பகல் வேண்டவே வேண்டாம். சித்திரையில் இன்னொன்றும் இருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்குவதற்காக அணையிலிருந்து தண்ணீர் திறப்பார்கள். அந்த நாட்களில் அணைப் பக்கம் போகாமல் குடும்பத்தோடு ஆற்றங்கரைக்கே வந்துவிடுங்கள், அதுதான் நியாயம்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவம். காற்று வாடைப் பக்கம் திரும்பிவிடும், அதனால் முன்பு சொன்ன கரைக் கணக்கு முழுக்க மாறும். அணைச் சுவர் இப்போது காற்று வருகிற பக்கமாகிவிடும், தேனிப் பக்கத்து ஆழமில்லாத சேற்றுக்கரை காற்று தள்ளும் பக்கம். மழை நாட்களில் தண்ணீர் கலங்கி, மிதந்து வரும் கட்டைகளும் ஆகாயத்தாமரையும் இருக்கும். நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது கொடுப்பார்கள். முழுக் கொள்ளளவு 71 அடி. முதல் எச்சரிக்கை வந்ததுமே படகுகளைக் கரையில் கவிழ்த்துக் கட்டிவிடுங்கள், யாரும் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்.

உங்களுக்குச் சரியான காலம் மார்கழிக் கடைசியிலிருந்து மாசி முடிய. மழை ஓய்ந்திருக்கும், அணையில் தண்ணீர் இருக்கும், காற்று மிதமான வாடை. காலையில் மலையிலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று கொஞ்ச நேரம் அடித்து ஓய்ந்துவிடும். ஒன்பது மணிவாக்கில் ஒரு இடைவெளி, பத்துக்கு மேல் மறுபடி எழும். அந்த இடைவெளியில் பொறுமையில்லாமல் கரைக்கு வந்துவிடாதீர்கள். காற்று திரும்பி எழுவதைத் தண்ணீரில் இருந்தே பார்த்தால் இந்த ஏரி உங்களுக்குப் பிடிபட ஆரம்பிக்கும்.

நீர்மட்டத்தைத் தினமும் பேப்பரில் பாருங்கள். மதுரைப் பதிப்புகளில் பெரியாறு, வைகை அணைகளின் மட்டமும் வரத்தும் வெளியேற்றமும் தவறாமல் போடுவார்கள். இது விவசாயிக்கு மட்டும் உதவுகிற செய்தியில்லை. 1959-இல் திறந்த அணை, அறுபது வருடத்துக்கு மேலாக வண்டல் சேர்ந்திருக்கிறது. மட்டம் இறங்கினால் ஓரங்களில் சேறுதான். அதைவிட மோசம் என்னவென்றால், தண்ணீர் வற்றின மாதங்களில் வெறும் நிலத்தில் சீமைக்கருவேலம் முளைத்து ஆள் உயரம் வளர்ந்துவிடும், மறுபடி தண்ணீர் ஏறும்போது அந்த முள்காடு அப்படியே மூழ்கிக் கிடக்கும். மேலிருந்து ஒன்றும் தெரியாது. நடுப்பலகை அதில் மாட்டினால் படகு நட்ட நடுவில் நிற்கும், பாய் மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும், கவிழ்வதற்கு வேறெதுவும் வேண்டாம். மீன் வலைகளும் உண்டு. காலி பிளாஸ்டிக் பாட்டில்கள் வரிசையாக மிதந்தால் அடியில் வலை. இரண்டு பாட்டிலுக்கு நடுவே புகுந்து போகலாம் என்று நினைக்காதீர்கள், சுற்றிப் போங்கள். அவர்கள் பிழைப்பு அது, கிழித்தால் காசு கொடுத்துவிட்டு மன்னிப்பும் கேளுங்கள். இறங்குவதற்கு முன் பரிசல்காரர் ஒருவரிடம் அன்றைக்கு எங்கே வலை, எங்கே முள் என்று கேட்டுக்கொள்வது எந்த வரைபடத்தையும்விடப் பிரயோசனம். "அண்ணே, இன்னைக்குக் காத்து எப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்டால் அவரே எல்லாம் சொல்வார்.

ஆனால் பரிசலை மீட்புப் படகாக நம்பாதீர்கள். அமைதியான தண்ணீரில் பரிசல் அற்புதமானது. பலத்த காற்றில் அது வட்டமாகச் சுற்றிக் காற்றோடு போய்விடும், எதிர்க்காற்றில் உங்களிடம் வந்து சேராது. அந்த மனிதரையும் ஆபத்தில் இழுத்துவிடுவீர்கள். இரண்டு படகும் ஒன்றையொன்று கண்பார்வையில் வைத்துக்கொண்டே ஓட்டுவது, ஒன்று கவிழ்ந்தால் மற்றது பக்கத்தில் போய்ப் பாயைத் தளர்த்தி நிற்பது, இதைக் கட்டாயமாக்குங்கள். துறை அனுமதித்தால் எண்ணெய் கசியாத சின்ன மோட்டார் படகு ஒன்று கரையில் தயாராக இருப்பது இன்னும் நல்லது.

கவிழ்வது பற்றிப் பெரிதாகப் பயப்பட வேண்டாம், லேசர் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் கவிழ்வார்கள். கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தக் கூடாது. கரை பக்கத்தில் இருப்பது போலத் தெரியும், தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்கும் தூரம் ஏமாற்றும், காற்றும் அலையும் எதிரே இருந்தால் நல்ல நீச்சல்காரரும் களைத்துவிடுவார். படகு மிதக்கும், அதைப் பிடித்துக்கொண்டு இருங்கள். பாய்க்கயிற்றைத் தளர்த்தி, மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி, நடுப்பலகையில் ஏறி நின்று சாய்ந்தால் படகு எழும். வைகையில் ஆழம் குறைந்த இடத்தில் முழுக்கத் தலைகீழானால் பாய்மரத்தின் நுனி சேற்றில் குத்திக்கொள்ளும். அப்போது பலங்கொண்டு இழுத்தால் மரம் வளையும், ஒடியவும் செய்யும். படகை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டி, சேற்றுப் பிடிப்பு விட்டதும் எழுப்புங்கள். மார்கழி, தையில் மார்பளவு தண்ணீரில் நின்று இரண்டு பேரும் வேண்டுமென்றே கவிழ்த்து எழுப்பிப் பழகுங்கள். அது கைக்கு வந்த பிறகுதான் நடு ஏரிக்குப் போக வேண்டும்.

உயிர்காப்புக் கவசம் எல்லோரும், எப்போதும், கரையிலேயே போட்டுக் கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். படகில் வைத்திருந்து தேவைப்படும்போது போடலாம் என்பது நடக்காத காரியம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அன்று புயல் எதுவும் இல்லை. அது பெரியாறு ஏரி, அதே தண்ணீர்தான் சுரங்கம் வழியாக இறங்கி முல்லையாற்றில் வந்து நம் வைகை அணையில் சேர்கிறது. இதை நண்பர்கள் எல்லோரிடமும் ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

மகளைப் பற்றி. கூட்டிப் போங்கள், பத்து வயது இதற்கு நல்ல வயது. நேத்ரா குமணன் சென்னையில் பள்ளிப் பருவத்தில்தான் தொடங்கினார், டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மரப் படகு வீராங்கனை ஆனார், பாரிசுக்கும் போனார். ஆனால் உங்கள் லேசரில் ஏற்ற வேண்டாம், அது பெரியவர் ஒருவருக்கான படகு. எண்டர்பிரைஸில், உங்களோடு அனுபவமுள்ள இன்னொருவர் இருந்து, மகள் மூன்றாவதாக, தை அல்லது மாசியில், காலை நேரத்தில், வெள்ளை நுரை ஒன்றுகூடத் தெரியாத நாளில் மட்டும். அதற்கு முன் நீச்சல் தெரிய வேண்டும், குளத்தில் உடையோடு இறங்கி நீந்திப் பழகியிருக்க வேண்டும். கவசம் அவளுடைய எடைக்கானதாக இருக்கட்டும், பெரியவர்களுடையதைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவது உதவாது. கட்டிய பிறகு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது தண்ணீரில் கழன்றுவிடும், கால்களுக்கு இடையே வார் போட்டதாக வாங்குங்கள். ஏறி உட்கார்ந்ததும் அவள் கையில் முன்பாயின் கயிற்றைக் கொடுத்துவிடுங்கள், வேலை இருந்தால் குழந்தைகளுக்குப் பயம் வராது. பிடித்துப்போனால் ஆப்டிமிஸ்ட் என்று குழந்தைகளுக்கான ஏழே முக்கால் அடிப் படகு இருக்கிறது, சென்னையில் பயிற்சி முகாம்களில் கற்றுத் தருகிறார்கள். கோடை விடுமுறைக்கு அங்கே அனுப்புங்கள், சித்திரை வெயிலில் வைகையில் வைத்துக் கற்றுத்தர வேண்டாம்.